எமிலின் இடது கைத் துப்பாக்கி

எமில் ப்ரோசெக் இடது கைக்காரன் என்பது ஊரறிந்த விஷயம். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவன் இடது கையால் சூப் குடிப்பதையும், அதில் பாதி சட்டையில் வடிவதையும் ஊர் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறது. சீட்டு போடுவது இடது கையால். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை வாங்குவது இடது கையால். ஒருமுறை பந்து உருட்டும் போட்டியில் இடது கையால் வீசி, பக்கத்துத் தடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு வெற்றி தேடித் தந்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் எமில் வலது கைக்காரன். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வலது கையில் கரண்டி பிடித்தால் சட்டை சுத்தமாக இருக்கும், எழுத்து அச்சடித்தது போல் இருக்கும். அவன் மனைவி ஆர்டிஸுக்கு இது தெரியும். சன்னலுக்கு வெளியே அவளுடைய அண்ணனின் டிரக் வந்து நின்றால், "எமில், கை" என்பாள். அவன் கரண்டியை மாற்றிக்கொள்வான்.

இத்தனைக்கும் காரணம் அவன் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய துப்பாக்கி.

எமில் பிறந்து வளர்ந்தது மில்வாக்கியில். அப்பா பேக்கரி வைத்திருந்தார். அந்த வீட்டில் இருந்த பயங்கர ஆயுதம் ரொட்டி வெட்டும் கத்தி. இருபத்து நான்கு வயதில் விஸ்கான்சினின் வடக்குக் கோடியில் ஒரு சீஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தான். அங்கே சீஸ் கட்டிகளை மெழுகுத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள் ஆர்டிஸ் நெஸெட். கோடை முடிவதற்குள் அவள் வீட்டில் சாப்பிட அழைக்கிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

வீட்டு வாசலில் வைத்து அவள் எச்சரித்தாள்.

"அப்பா என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லு. எதையும் பொறுத்துப்பாரு, பொய்ய மட்டும் பொறுக்க மாட்டாரு. உனக்கு முன்னாடி ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தான். புடிச்ச மீன ஒரு சாண் கூட்டிச் சொன்னான். அன்னைக்கே கதவக் காட்டிட்டாரு."

"ஒரு சாணுக்கா?"

"மீனு அவன் வண்டியிலேயே இருந்துச்சு. எடுத்துட்டு வரச் சொல்லி அளந்து பாத்தாரு."

அவளுடைய அப்பா ஹால்வர் நெஸெட் பால்பண்ணை வைத்திருந்தவர். குறுகிய பேச்சு, அகன்ற தோள். மேசையில் உருளைக்கிழங்கு ரொட்டியும் வேகவைத்த பன்றித் தொடையும் இருந்தன. பாதிச் சாப்பாடு ஆனது. பிறகு ஹால்வர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"உன்கிட்ட எது இருக்கு?"

எமிலுக்குப் புரியவில்லை. எதிரே இருந்த ஆர்டிஸின் அண்ணன் ஆர்லன் உதவிக்கு வந்தான். "துப்பாக்கி. நாங்க சோறு திங்கிறப்ப வேற எதப் பத்திக் கேப்போம்?"

துப்பாக்கி உண்டா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். எது என்று கேட்டார்கள். இல்லை என்கிற பதிலுக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை. கால் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, செருப்பு அளவு என்ன என்றுதான் கேட்பார்கள். எல்லோருடைய கண்ணும் அவன் மேல் இருந்தது.

"எங்கப்பாவோடது ஒண்ணு இருக்கு சார். பழசு."

"பேக்கரிக்காரருக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்றான் ஆர்லன்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு."

ஹால்வரின் முகம் தெளிந்தது. "அப்பன் துப்பாக்கியப் பத்திரமா வெச்சிருக்கிற பையன் மோசமில்ல. நவம்பர்ல மான் வேட்டைக்கு எங்க குடிலுக்கு வா. அதையும் எடுத்துட்டு வா. சீசன் முடியட்டும், கல்யாணத் தேதிய அப்புறம் பாக்கலாம். இனிமே சார்னு கூப்பிட வேண்டாம், மாமான்னு கூப்பிடு."

வாசல் வரை வந்த ஆர்லன் இன்னொன்றையும் சொல்லி அனுப்பினான். "எங்க குடில்ல ஒரு வழக்கம் இருக்கு மச்சான். சீசனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மொத துப்பாக்கி வந்த கதையச் சொல்லணும். புதுசா வர்றவன்தான் ஆரம்பிக்கணும். நல்லா யோசிச்சுட்டு வா."

எமில் நன்றாகவே யோசித்தான். அவன் சொன்னது ஒரு சாண் பொய் அல்ல. துப்பாக்கியின் முழு நீளத்துக்கும் பொய். அது வெளியே வந்தால் ஆர்டிஸ் கிடைக்க மாட்டாள். ஆகவே அப்பாவின் பழைய துப்பாக்கி ஒன்றை அவசரமாக வாங்கியாக வேண்டும்.

உள்ளூர் இரும்புக் கடையில் வாங்க முடியாது. கடைக்காரர் வியாழக்கிழமைதோறும் ஹால்வருடன் சீட்டாடுகிறவர். எமில் ஒரு சனிக்கிழமை இரண்டு மாவட்டங்கள் தள்ளி, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் "ம்" என்று சொல்லிப் பழகினான். தொழிற்சாலையில் பார்த்திருக்கிறான்: துப்பாக்கி தெரிந்தவர்கள் அதைக் கையில் வாங்கியதும் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, "ம்" என்பார்கள். அந்த "ம்" சரியாக வந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்று நம்பினான்.

அந்த ஊர்க் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் பின்னால் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் வில்மர், காதில் பென்சில் செருகியிருந்த குண்டு மனிதர்.

"என்ன வேணும் தம்பி?"

"துப்பாக்கி. பழசா."

"எவ்வளவு பழசு?"

"எங்கப்பா வெச்சிருந்த மாதிரி."

"உங்கப்பா எது வெச்சிருந்தாரு?"

எமில் சற்று யோசித்தான். "அதத்தான் தேடிட்டிருக்கேன்."

வில்மர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வியாபாரம் வியாபாரம் என்கிற முகத்தோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எமில் தோளில் வைத்தான். "ம்." அடுத்ததை வைத்தான். "ம்." அது பளபளவென்று இருந்தது.

"இது எங்கப்பா காலத்துக்கு அப்புறம் செஞ்சது" என்றான். அவனுடைய அப்பா அன்று காலையும் மில்வாக்கியில் நல்ல உடம்போடு ரொட்டி சுட்டிருந்தார்.

வில்மர் யோசனையோடு தாடையைத் தடவினார். கடையின் உள்ளே போய், ஏணிகளுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். தூசியைத் தட்டித் துணியைப் பிரித்தார். தோளில் பதிகிற பக்கம் அடர்நிற மரக்கட்டை. அதன் ஓரத்தில் ஒரு தழும்பு. குண்டு ஏற்றி இறக்குகிற போல்ட்டின் கைப்பிடி இடது பக்கம் வளைந்து நின்றது. மற்ற எல்லாவற்றிலும் அது வலது பக்கம் இருந்ததை எமில் கவனிக்கவில்லை. "ம்" சொல்லும்போது ஒரு கண்ணை மூட வேண்டும். பழக்கமில்லாததால் அவன் இரண்டையும் மூடிவிட்டிருந்தான்.

"இது எல்லாருக்கும் ஒத்து வராது" என்றார் வில்மர். "சரியான ஆள் வரணும்னு வெச்சிருக்கேன்."

எமிலுக்குக் காது சூடானது. துப்பாக்கி விஷயத்தில் அவனை யாரும் அதுவரை சரியான ஆள் என்று சொன்னதில்லை.

வில்மர் ஒரு விலை சொன்னார். எமில், துப்பாக்கியைத் தோளில் மாட்ட அப்பா காலத்துத் தோல்வார் ஒன்று கிடைக்குமா என்று கேட்க வாயைத் திறந்தான். பேரம் என்று நினைத்து வில்மர் விலையைக் குறைத்தார். எமில் ஆச்சரியத்தில் வாயை மூடிக்கொண்டான். அதைப் பார்த்து வில்மர் இன்னும் குறைத்தார். தோல்வாரைச் சும்மா கொடுத்தார், ஒரு பெட்டித் தோட்டா கொடுத்தார். அதோடு விடாமல், வாசலில் நின்றிருந்த சிவப்புக் கைப்பிடி போட்ட பனி வாரி ஒன்றையும் எடுத்து அவன் வண்டியில் வைத்தார். கிராமத்து ஜனங்களின் தாராளம் என்று எமில் நினைத்துக்கொண்டான்.

கையெழுத்துப் போடப் பேனாவை வலது கையில் வாங்கினான். வில்மர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"நல்லா வெச்சுக்கங்க" என்றார்.

அறைக்கு வந்து எமில் தினமும் பழகினான். வலது தோளில் கட்டையை வைத்து, வலது கையால் சுடும் விசையைப் பிடித்து, முன்னே தாங்குகிற இடது கையை விட்டுவிட்டு அதனால் போல்ட்டை இழுத்தான். அப்போது துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இது எல்லோருக்கும் உள்ள கஷ்டம் போலிருக்கிறது என்றும், இதனால்தான் வேட்டையைப் பெரிய வித்தை என்கிறார்கள் என்றும் முடிவு செய்தான்.

நவம்பரில், சீசனுக்கு முந்தின நாள் பிற்பகல், ஏரிக்கரையில் இருந்த நெஸெட் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தான். ஹால்வர், ஆர்லன், அவனுடைய சித்தப்பாக்கள் இரண்டு பேர். உள்ளே விறகடுப்பு எரிந்தது. சுவரில் மர முளைகள் அடித்து, துப்பாக்கிகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றின் குழலும் ஒரே திசை. எமில் தன்னுடையதைக் கடைசி முளைகளில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தான். மான் தொத்திறைச்சி, வறுத்த உருளைக்கிழங்கு, பிராந்தி.

இரண்டாவது வாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆர்லன் சுவரைப் பார்த்தான்.

"மச்சான், உன்னோடது மட்டும் ஏன் வெளிய துருத்திட்டு நிக்குது?"

எல்லோரும் திரும்பினார்கள். மற்ற துப்பாக்கிகளின் போல்ட் பிடிகள் அறையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. எமிலுடையது சுவரைப் பார்த்து இருந்ததால், பிடி சுவரில் முட்டி, துப்பாக்கி கோணலாகத் தொங்கியது. எமில் முதன்முறையாக அந்த வித்தியாசத்தைப் பார்த்தான். வில்மரின் விலைக் குறைப்பு, தோல்வார், தோட்டா, பனி வாரி எல்லாம் வரிசையாக அவன் நினைவுக்கு வந்தன.

"இடது கைத் துப்பாக்கி" என்றார் ஒரு சித்தப்பா.

"உங்கப்பா இடது கையா?" என்றான் ஆர்லன்.

"ஆமா" என்றான் எமில்.

"நீ?"

எமிலின் வலது கையில் கரண்டி இருந்தது. கரண்டியில் உருளைக்கிழங்கு இருந்தது. வாய்க்கும் தட்டுக்கும் நடுவே அது அப்படியே நின்றது. எமில் மிக மெதுவாக, ஒன்றும் நடக்காதது போல், கரண்டியை இடது கைக்கு மாற்றினான். உருளைக்கிழங்கு பிராந்தியில் விழுந்தது.

"நானும்" என்றான்.

ஹால்வர் எழுந்துபோய் அந்தத் துப்பாக்கியை இறக்கினார். விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் மரத்திலிருந்த தழும்பின் மேல் போய் நின்றது. காது மடல்கள் சிவந்தன. எமில் தன் கல்யாணம் முடிந்துபோனதாக நினைத்தான்.

"உங்கப்பா இத எங்க வாங்கினாரு?" என்றார் ஹால்வர், தலையைத் தூக்காமல்.

"மில்வாக்கியில மாமா."

"அப்படியா. இந்தத் தழும்பு?"

அதற்கு எமில் கதை தயாராக வைத்திருந்தான். "அது ஒரு கரடி மாமா. அப்பா வடக்க வந்திருந்தப்ப எதுத்தாப்ல வந்துச்சு. தோட்டா தீந்துபோச்சு. கட்டையாலேயே ஒண்ணு போட்டாரு."

"பேக்கரிக்காரரு கரடிய அடிச்சாரா?" என்றான் ஆர்லன்.

ஹால்வர் கையைக் காட்டி அவனை அடக்கினார். எமிலையே நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா என்று எமிலுக்குப் பிடிபடவில்லை.

"கரடி எவ்வளவு பெருசு?"

எமிலுக்கு அந்த மீன்காரப் பையன் நினைவுக்கு வந்தான். "அளக்கல மாமா" என்றான்.

ஹால்வருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்து, துப்பாக்கியைத் தானே மறுபடி மாட்டினார், முளைக்கு ஒரு துணிச்சுருள் கொடுத்து நேராக நிறுத்தினார். "நல்ல துப்பாக்கி. இந்தக் குடில்ல இடது கைக்காரன யாரும் கிண்டல் பண்ணக்கூடாது."

சித்தப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹால்வர் கிண்டல் செய்யாத ஒரே மனிதர் பாதிரியார்தான், அதுவும் ஞாயிறு மட்டும்.

அடுத்து ஆர்லனின் முறை. அவன் தன் முதல் துப்பாக்கியைப் பற்றி இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்த கதைக்குத் தாவினான். "ஆனா இந்தக் குடும்பத்துலேயே நல்ல துப்பாக்கிய யாரும் பாத்ததில்ல மச்சான். எனக்கு மீசை மொளைக்கிற வயசு. அப்பா புதுசா ஒண்ணு வாங்கிட்டு ஏரி மேல குறுக்கால நடந்து வந்தாரு. பனிக்கட்டி ஒடைஞ்சு அது உள்ள போயிடுச்சு. வாங்கின அன்னைக்கே. நாங்க கண்ணால கூடப் பாக்கல. அதுலேருந்து நான் தேடிட்டிருக்கேன். கோடையில முங்கினதுல ஒரு பல் செட்டு கெடைச்சுது. காந்தத்தக் கயித்துல கட்டி வீசினதுல ரெண்டு வாளி, ஒரு அடுப்புக் கதவு. என்னைக்காவது துப்பாக்கியும் கெடைக்கும்."

"சாப்பிடுடா" என்றார் ஹால்வர்.

மறுநாள் காலையில் எமில் ஒரு தேவதாரு அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். ஆர்லன் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததால் கட்டையை இடது தோளில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு கிடா மான் வந்து பக்கவாட்டில் நின்று, அவன் சிரமப்படுவதை மரியாதையாக வேடிக்கை பார்த்தது. எமில் சுட்டான். மானுக்கு ரொம்பத் தள்ளி இருந்த பைன் மரத்திலிருந்து ஒரு கிளை விழுந்தது. மான் கிளையைப் பார்த்தது, எமிலைப் பார்த்தது, பிறகு அவசரமில்லாமல் நடந்து போனது.

குறி தவறியவனின் சட்டை வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பது அந்தப் பக்கத்துக் குடில்களின் வழக்கம். ஆர்லன் கத்தரியோடு வந்தான். சட்டை வால் போவது எமிலுக்கு நிம்மதியாகவே இருந்தது. அவன் அங்கே வந்த பிறகு செய்தவற்றில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் ஆர்டிஸ் அவனைப் பால் கேன்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ இடது கைன்னு அண்ணன் சொல்றான். தெனமும் என் கண்ணு முன்னாடி சீஸ் கட்டி மேல வலது கையாலதான எழுதறே? எப்போலேருந்து இடது கை?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து. சாப்பாட்டு நேரத்துல."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஒரு கேன் மேல் உட்கார்ந்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பாகிட்ட சொல்லிடு."

"கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஆர்டிஸ் ஹால்வரின் மகள். நன்றாக யோசித்தாள். "பின்னாடி" என்றாள்.

கல்யாணப் பதிவேட்டில் எமில் இடது கையால் போட்ட கையெழுத்தைப் பார்த்துப் பாதிரியார், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பின்னாடி சொல்வதாக இருந்தது. அதற்குள் ஆர்டிஸ் உண்டாகியிருந்தாள், குழந்தை பிறக்கட்டும் என்று விட்டார்கள். குழந்தை பிறந்தபோது தாத்தா நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டார்கள். ஒரு பொய்யைச் சொல்லி முடிக்க நல்ல நாள் என்று ஒன்று வரவே இல்லை.

ஞானஸ்நானத்துக்கு மில்வாக்கியிலிருந்து எமிலின் அப்பா வந்தார். விருந்தில் ஆர்லன் நேராக அவர் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"கரடிய அடிச்சவர் நீங்கதானா பெரியவரே?"

எமிலின் அப்பா காதை முன்னே நீட்டினார். "என்னது, ரொட்டியா?"

"கரடி. உங்க இடது கைத் துப்பாக்கியால." ஆர்லன் குனிந்து பார்த்தான். "ஆனா நீங்க வலது கையாலதான சாப்பிடறீங்க?"

எமில் எழுந்திருக்க முயன்று நாற்காலியில் சிக்கிக்கொண்டான். அதற்குள் மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஹால்வர் வந்துவிட்டார்.

"அது சாப்பாடு. துப்பாக்கி வேற" என்றார் மகனிடம். பிறகு பெரியவரின் தோளில் கை போட்டு, "வாங்க சம்பந்தி, மாட்டுக் கொட்டகையக் காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். அன்று முழுக்க அவரை ஆர்லனின் பக்கமே விடவில்லை. பேக்கரிக்காரர் ஒவ்வொரு மாட்டையும் இரண்டு முறை பார்த்தார்.

மாமனார் ஏன் இப்படிக் காப்பாற்றுகிறார் என்று எமிலுக்கு விளங்கவில்லை. ஒருபக்கம் காப்பாற்றினாலும், இன்னொரு பக்கம் அவனை அவர் சும்மா விடவும் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும், முதல் துப்பாக்கிக் கதை நேரம் வந்ததும், ஹால்வர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"மாப்பிள்ளை, அந்தக் கரடி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு சொன்னே?"

"வடக்க மாமா."

"போன வருஷம் மேக்கன்னு சொன்னே."

"வடமேக்கு."

"குட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

"எத்தன?"

இப்படியே போய், கரடிக்குக் குட்டிகள் பிறந்தன, காயம் ஆறியது, அது அப்பாவைத் தேடிக்கொண்டு இரண்டாவது முறையும் வந்தது. எமிலுக்கு அக்டோபர் பிறந்தாலே தூக்கம் கெட்டது. சுவரில் அவனுடைய சட்டை வால்கள் வரிசையாக ஏறின. ஆர்டிஸ் நவம்பருக்கென்று மட்டமான சட்டைகளாக வாங்கி வைத்தாள். ஆனால் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை தானாகப் பழகிவிடுகிறது. ஒரு வருஷம் மானுக்குப் பக்கத்து மரத்தில் பட்டது. இன்னொரு வருஷம் மானிலேயே பட்டது. ஆர்லன் அவனைக் கட்டிப்பிடித்து, "இடது கை தேறிடுச்சு" என்றான். எமில் உண்மையிலேயே பெருமைப்பட்டான்.

ஹால்வருக்கு வயதானது. முழங்கால் வலி அவருக்கு வெகுகாலமாக உண்டு. கடைசியில் காட்டுக்குள் போக முடியாமல் குடிலில் அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் சமையல் முறை எமிலுடையது. மற்றவர்கள் காட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம், இருவர் மட்டும் இருந்தார்கள். எமில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இடது கையால், அதனால் மெதுவாக.

"அதக் கொண்டா" என்றார் ஹால்வர், சுவரைக் காட்டி. "திருப்புளியும் எடு. கட்டையோட அடில தகடு இருக்குல்ல, அதக் கழட்டு."

இத்தனை வருஷத்தில் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும் என்று எமிலுக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு திருகாணிகள். தகடு கையோடு வந்தது. உள்ளே மரத்தில், ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள். ஹால்வர் நெஸெட் என்கிற பெயரின் முதல் எழுத்துகள்.

எமில் அதைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். ஹால்வர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது வாங்கினாலும் கடை வாசல்லேயே பேர் கீறிடுவேன். பழக்கம்" என்றார். "அன்னைக்குக் கடையில கூட்டம். கடைக்காரன் என்னமோ சொல்ல வந்தான். துப்பாக்கியப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன். வண்டியில உக்காந்து பேரக் கீறினேன். அப்புறந்தான் தோள்ல வெச்சுப் பாத்தேன்."

"தழும்பு?"

"வண்டிக் கதவுல ஓங்கி அடிச்சேன். கரடியெல்லாம் இல்ல."

"அப்ப ஏரி?"

"யாருக்கும் தெரியாத ஊரா பாத்து, ரெண்டு மாவட்டம் தள்ளிப் போய் வித்துட்டேன். வீட்டுக்கு வந்தா இந்தப் பயலுக வாசல்ல நின்னு துப்பாக்கி எங்கங்கிறானுக. ஏரிக்குள்ள போயிடுச்சுன்னேன். நம்பணுமில்ல? வர்ற வழியிலேயே முழங்கால் வரைக்கும் தண்ணியில எறங்கிட்டுத்தான் வந்திருந்தேன். இந்த முட்டி வலி அன்னைக்குப் புடிச்சது."

எமில் உட்கார்ந்துவிட்டான். "வில்மர் கடையா மாமா?"

"செவப்புக் கைப்பிடில பனி வாரி ஒண்ணு குடுத்தானா?"

"குடுத்தாரு."

"எனக்கும் குடுத்தான். பாதி விலைக்குப் பதிலா."

இருவரும் சற்று நேரம் வில்மரை நினைத்துக்கொண்டார்கள்.

"அப்ப நான் வலது கைங்கிறது உங்களுக்கு..."

"கரண்டிய மாத்தினப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்?"

எமிலுக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "அந்த மீன்காரப் பையன வெரட்டிட்டீங்களே மாமா. ஒரு சாணுக்கு."

ஹால்வர் விறகு ஒன்றை உள்ளே தள்ளினார். "மீன வண்டியிலேயே வெச்சுக்கிட்டுச் சொன்னான்பா. அவனையெல்லாம் நம்பி எப்படிப் பொண்ணக் குடுக்கிறது?"

எமில் சிரித்தான். கிழவரும் சிரித்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. எமில் கத்தியை வலது கையில் எடுத்தான். மாமனார் எதிரில் வலது கையால் அவன் வெங்காயம் நறுக்கியது அதுதான் முதல் தடவை. சிட்டாக நறுக்கினான்.

"கெட்டிக்காரன்தான் நீ" என்றார் ஹால்வர், நிஜமான வியப்போடு.

"சாயங்காலம் எல்லாரும் வந்ததும் ரெண்டு பேருமா சொல்லிடலாமா மாமா? எனக்கு என் கையாவது கெடைக்கும். கரடியும் செத்துப்போகட்டும்."

ஹால்வர் முழங்காலைத் தடவினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஆர்லன் நின்றான். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. தோளில் துப்பாக்கி, ஒரு கையில் கயிறு கட்டிய காந்தம், முழங்கால் வரை ஈரம். மான் கிடைக்காத மதியத்தில் கரையோரப் பனிக்கட்டியை உடைத்து வீசிவிட்டு வந்திருக்கிறான்.

"அப்பா, இன்னைக்கு நீளமா ஒண்ணு மாட்டுச்சு" என்றான் மூச்சு வாங்க. "கனமா. இழுக்க இழுக்க வருது. நம்ம துப்பாக்கியேதான்னு நெனச்சேன். உங்க கையில குடுக்கலாம்னு ஓடி வர இருந்தேன்."

"என்ன அது?"

"யாரோ போட்ட வேலிக் கம்பி." காந்தத்தை மூலையில் வைத்தான். "பரவால்ல. அந்தப் பக்கத்துல நான் இன்னும் சரியா தேடல. அடுத்த வருஷம் பாக்கறேன்."

ஹால்வரும் எமிலும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எமில் தகட்டை எடுத்து அந்த இரண்டு எழுத்துகளின் மேல் வைத்து, மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டு திருகாணியை முடுக்கத் தொடங்கினான்.

"கை" என்றார் ஹால்வர், உதடு அசையாமல்.

எமில் திருப்புளியை இடது கைக்கு மாற்றினான்.

"என்ன கழட்டறீங்க?" என்றான் ஆர்லன், ஈரக் காலுறையை அடுப்பு மேல் தொங்கவிட்டபடி.

"தூசி தொடைக்கிறாரு" என்றார் ஹால்வர். "அப்படியே கதையும் சொல்லிட்டிருக்காரு. எங்க விட்டே மாப்பிள்ளை? கரடி எங்க நின்னுச்சு?"

"ஏரிக்கரையில மாமா" என்றான் எமில்.

ஆர்லன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நெருப்புக்கு நீட்டினான்.

"அது ஏரில விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாத மச்சான். அதையும் நான்தான் தேடணும்."